தண்ணீர்த் தொட்டியில் ராமரின் கால் சிக்கியது பற்றி ஃபிட்டர் காசிமாயன் சொன்னது

பெயர் காசிமாயன், வயது 43, தகப்பனார் பெயர் பெரியகருப்பன். முகவரி திருப்பூர் மண்ணரை, நான்கு வீடுகள் கொண்ட வரிசையில் மூன்றாவது வீடு. தேதி 13.07.2024, சனிக்கிழமை, காலை 10.30 மணி, காவல் நிலையத்தில்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி அபிராமியுடனும் ஒரே மகளுடனும் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு இங்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கடந்த ஆறு வருடமாக வீரபாண்டியில் திரு. செங்கோட்டையன் அவர்களுக்குச் சொந்தமான செல்லாத்தாள் டையிங் என்ற சாயப்பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். என் மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர்.

எங்கள் பட்டறையில் நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் கான்கிரீட் தொட்டி ஒன்று உள்ளது. இருபதடி நீளம், பதினைந்தடி அகலம், பதினோரு அடி உயரம், மேலே திறந்திருக்கும், உள்ளே வழவழவென்று பெயின்ட் அடித்திருக்கும். மேட்டில் இருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து நாலு இஞ்சுக் குழாய் வழியாக இதற்குத் தண்ணீர் தானாக இறங்கி வரும். இதிலிருந்து எட்டு இஞ்சுக் குழாய் வழியாக மெஷின் பக்கத்துப் பள்ளத் தொட்டிக்குப் போகும். இரண்டு குழாய் வாயும் உள்ளே தரையிலிருந்து ஓரடி உயரத்தில் எதிரெதிர்ச் சுவரில் இருக்கின்றன. இதில் எந்த ரிப்பேர் என்றாலும் தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டும், அன்று பட்டறை ஓடாது.

அதனால் தொட்டியை வடிக்காமலே தண்ணீருக்குள் குழாய் வாயை அடைக்கிற மாதிரி ஒரு கருவியைச் சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பிறகு நான் செய்ய ஆரம்பித்தேன். நடுவில் ஒரு இரும்புத் தட்டு, நான்கு மூலையிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நான்கு ரப்பர்க் கிண்ணம். சின்ன பம்ப் ஒன்று கிண்ணத்துக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், கிண்ணம் சுவரைக் கவ்விக்கொள்ளும். பட்டறையில் எல்லோரும் அதை அட்டைப்பூச்சி என்பார்கள். பம்ப் ஓடுவதற்கு, பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் கழித்துப்போட்ட லித்தியம் பேட்டரி செல்களைச் சோதித்து, நல்லதாகப் பொறுக்கி, 24 வோல்ட்டுக்குச் சேர்த்துக் கட்டினேன். முதலில் கிண்ணத்தின் ஓரம் கசிந்துகொண்டே இருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஜட்டி இடுப்புக்கு எலாஸ்டிக் வைக்கிற மாதிரி உள்ஓரத்துல மெத்துனு ஒண்ணைக் குடுங்க" என்றாள். ஸ்பாஞ்ச் ரப்பர் பட்டி வைத்து ஒட்டினேன், கசிவு நின்றது.

அதன் பிறகு இந்த வருடம் மார்ச் மாதம் அதைத் தொட்டியில் இறக்கிப் பார்த்தபோது பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெளியே எடுத்து ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்த கொஞ்ச நேரத்தில் புகை வந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. என் இடது முழங்கைக்குக் கீழே தீக்காயம் பட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு துணி ரோல் கருகியது. முதலாளியின் மகன் நித்தீஷ் அன்று, "இந்த வெடிகுண்டை இனி யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிக் கருவியை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே நூறு பேர் வேலை செய்கிற இடம்.

ஆனால் எனக்கு மனசு விடவில்லை. பெட்டிக்குள் காற்று இருப்பதால்தான் தண்ணீர் புகுகிறது என்று யோசித்து, புதிதாக ஒரு பேட்டரி கட்டி, அந்தப் பெட்டியில் காற்றே இல்லாதபடி டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை நிரப்பி, மேலே ரப்பர்ப் பை வைத்து மூடினேன். எங்காவது விரிசல் விட்டால் எண்ணெய் மேலே மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வாரம் வீட்டில் தண்ணீர் டிரம்முக்குள் போட்டு வைத்தேன். ஒரு பொட்டு எண்ணெய் வரவில்லை. அதை ஜூன் மாதம் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்டோர்க்காரர் திறந்திருந்த நேரத்தில் கருவியில் மாட்டி, சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். நித்தீஷிடம் சொல்லவில்லை. அது என் தவறு.

சம்பவம் நடந்தது 10.07.2024 புதன்கிழமை. அன்று காலை மெஷினுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. எட்டு இஞ்சுக் குழாய் வாயில் இருக்கும் வலையில் பஞ்சும் நூலும் அடைத்திருக்கும் என்று சூப்பர்வைசர் மணியன் சொல்லி, ஹெல்ப்பர் ராமரைத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார். ராமர் அருப்புக்கோட்டைக்காரர், வயது 26, கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இறங்கும் முன் அவர் என்னிடம் வந்து, "அண்ணே, மேல இருந்து வர்ற வால்வை அடைச்சாச்சா?" என்று கேட்டார். அந்த வால்வின் மரை தேய்ந்து வெறுமனே சுற்றுகிறது என்று நான்கு நாள் முன்பே என்னிடம் சொன்னவரும் அவர்தான். புதிய வால்வு வேண்டுமென்று நானும் மணியனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அன்று நான் போய்த் திருகியபோது கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. மேலே ஏறித் தண்ணீர் நின்றதா என்று நான் பார்க்கவில்லை. "அடைச்சாச்சு, இறங்கு" என்று சொன்னேன்.

சுமார் 11.10 மணிக்கு ராமர் கத்தும் சத்தம் கேட்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். வலை பிய்ந்துபோய் அவருடைய வலது கால் தொடை வரைக்கும் எட்டு இஞ்சுக் குழாய்க்குள் போயிருந்தது. சுவரோடு ஒட்டி ஒருக்களித்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு இருந்தது. "அண்ணே, உள்ள இழுக்குதுண்ணே" என்றார். நானும் வேறு இரண்டு பேரும் இறங்கி அக்குளில் கை கொடுத்து இழுத்தோம். அசையவில்லை. அவர் வலி தாங்காமல் என் தோளைக் கடித்தார். அந்தப் பக்கம் பள்ளத் தொட்டி காலியாக இருந்ததால் இந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் அவர் காலை உள்ளே அழுத்தியது.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் தண்ணீர் கொப்பளித்து வருவதைப் பார்த்தேன். வால்வு அடைபடவில்லை. வெளியே ஓடிப்போய்த் திருகினேன், எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. மேட்டுத் தொட்டியின் பக்கம் வால்வே கிடையாது. வெளியே போகிற வழியை ராமரின் கால் அடைத்துக்கொண்டதால் நிமிடத்துக்கு அரை இஞ்சு வீதம் தண்ணீர் ஏறியது. ஆள் இருக்கிற தண்ணீரில் கரண்ட் மோட்டார் இறக்க முடியாது, மெயினையும் ஆஃப் செய்தாகிவிட்டது. மணியன் தீயணைப்புக்குப் போன் செய்தார். வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும் என்று தெரிந்தது.

அதன் பிறகு நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். அன்று சாவி நித்தீஷிடம் இருந்தது, அவர் அவினாசிக்குப் போயிருந்தார். கம்பியால் பூட்டை உடைத்தது நான்தான். என்னுடன் யாரும் சேரவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது முதலாளி செங்கோட்டையன் அவர்கள் வேட்டி சட்டையோடு தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அறுபத்து நான்கு வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ராமரின் தாடையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தார். "கண்ணு, கீழ பாக்காதே. வானத்தைப் பாரு. நானிருக்கறனல்லோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் ராமரின் கழுத்தைத் தாண்டியிருந்தது. முன்பு என்னோடு இறங்கிய இருவரும் மேலே ஏறியிருந்தார்கள்.

என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு முதலாளி, "ஏனுங்க காசி, இது தீப்புடிச்சதுதானுங்களே?" என்றார். "ஆமாங்க. இது வேற பேட்டரிங்க" என்றேன். "உள்ள நாம மூணு பேரு இருக்கோமுங்க" என்றார். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "எறக்குங்க" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் தண்ணீர் வரும் குழாய் வாய்க்கு முங்கினேன். முதல் தடவை தண்ணீரின் வேகம் தட்டைத் தள்ளிவிட்டது. இரண்டாவது தடவை கீழ் இரண்டு கிண்ணம் பிடித்தன, மேல் இரண்டும் நழுவின. மூன்றாவது தடவை தட்டைக் குழாய் வாயில் நேராக வைக்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி வைத்து, கதவைச் சாத்துவதுபோல் நகர்த்திக்கொண்டுபோய், பம்பை ஓடவிட்டேன். கிண்ணங்கள் சுவரைக் கவ்வுவது என் நெஞ்சில் தெரிந்தது. கொப்பளிப்பு நின்றது. மேலே வந்து பார்த்தேன். ராமரின் கீழ் உதட்டைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றிருந்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஏறவில்லை.

தீயணைப்பு வண்டி 11.50 மணிக்கு வந்தது. அவர்கள் டீசல் பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். அதுவரையிலும், இறைத்து முடிகிற வரையிலும், நான் கருவியின் பக்கத்திலேயே இருந்தேன். அதில் சார்ஜ் காட்டும் விளக்கு நான்கு உண்டு. பன்னிரண்டு மணிக்கு இரண்டு எரிந்தது, பிறகு ஒன்று. இடது பக்கத்து மேல் கிண்ணம் தளர ஆரம்பித்தபோது முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டேன். தண்ணீர்மேல் எண்ணெய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. 12.25 மணியளவில் தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழே இறங்கியதும் ராமரின் காலை இழுத்த உறிஞ்சல் விட்டது. துணிக்குப் போடும் சாஃப்ட்னரைத் தொடையைச் சுற்றி ஊற்றி வீரர்கள் காலை மெதுவாக வெளியே எடுத்தார்கள். கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ராமர் என்னைப் பார்த்து, "ஜோதிகாகிட்ட இப்பச் சொல்லாதீங்கண்ணே, பயந்துரும்" என்றார். ஜோதிகா அவர் மனைவி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார், ஐந்து மாதக் கர்ப்பிணி.

மருத்துவமனையில் அன்று மாலை அவருக்கு ஆபரேஷன் நடந்தது. கால் பிழைத்துவிட்டது என்றும், பாதத்தில் உணர்ச்சி வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் டாக்டர் சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை மருத்துவமனை வராந்தாவில் நித்தீஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ராமர் யாரிடமும் சொல்லாமல் தானாகவே இறங்கிவிட்டார் என்று சொன்னால் போதும், பூட்டு உடைத்ததை விட்டுவிடலாம், கருவிக்குக் கம்பெனி பெயரில் பேட்டன்ட் வாங்கி என் பெயரையும் அதில் சேர்க்கலாம் என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. "அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருவாங்களாண்ணா?" என்றுதான் கேட்டார். என் பெயர் ஒரு காகிதத்தில் வரும் என்றதும் எனக்கு ஆசை வந்தது உண்மை. ஒரு நாள் முழுக்க அந்த ஆசையோடு இருந்தேன்.

நேற்று மாலை முதலாளியின் வீட்டுக்குப் போய் நித்தீஷ் சொன்னதைச் சொன்னேன். அவர், "அந்தக் கண்ணு மூஞ்சியை என் கையில புடிச்சிருந்தேனுங்க. இன்னும் கை கனக்குது. நீங்க பாத்ததைச் சொல்லுங்க, நானும் வந்து சொல்றேனுங்க" என்றார்.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய் ராமரிடம், வால்வை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்காமலே அடைத்துவிட்டதாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். ஜோதிகா கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ராமர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜோதிகா, "இதை எங்ககிட்டச் சொன்னாப் பத்தாதுண்ணே" என்றார். அதனால் இன்று வந்தேன். மணியனைக் காப்பாற்றவோ மாட்டிவிடவோ வரவில்லை. இறங்கச் சொன்னது அவர், கயிறு கட்டாமல் இறங்க விட்டது நாங்கள் எல்லோரும், வால்வு அடைத்தாயிற்று என்றது நான்.

மேற்படி கருவியை இன்று நானே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். அது சம்பந்தமாக எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேட்டரியை நிலையத்து முற்றத்து வெயிலிலோ தகரக் கொட்டகையிலோ வைக்க வேண்டாம், நிழலில், சிமென்ட் தரையில், பக்கத்தில் காகிதம் இல்லாமல் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை சார்ஜ் பார்க்க வேண்டும், அதற்கு நான் எங்கே இருந்தாலும் அனுமதி கொடுத்தால் செய்து தருவேன். வழக்கு முடியும் முன் இந்த ஊரில் வேறு எந்தத் தொட்டியிலாவது இப்படி ஒரு ஆள் மாட்டிக்கொண்டால், கோர்ட் உத்தரவுக்குக் காத்திருக்காமல் கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தட்டை நேராக வைக்கக் கூடாது, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில்தான் நகர்த்த வேண்டும். இதைத் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே. யாருடைய கட்டாயமும் இல்லை.

(ஒப்பம்) பெ. காசிமாயன்