உருவிவிட்ட கால்

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்குங்க. அப்புறம் முடியாது.

ரெண்டாயிரத்து மூணு. ராத்திரி எட்டரை மணி. பெரம்பலூர் டவுன் தாண்டி அரியலூர் ரோட்டுல தனியா ஒரு ஸ்கேன் சென்டர். சுத்தி மக்காச்சோளக்காடுதான். நம்ம அரியமுத்துவோட பெரியப்பா வைத்திலிங்கம் இருக்காருல்ல... ஸ்கேன் டாக்டர்... வியாழக்கிழமை மட்டும் திருச்சியிலேருந்து அங்க வருவாரு. அன்னைக்கு எல்லாரையும் பாத்தாச்சு. மெஷினை நிறுத்தப் போறாரு. கதவு தொறந்துச்சு...

ஒரு ஆளு. தைக்காத புது வெள்ளைத் துணி சுத்தியிருந்தாரு. இடது கால் தூணாட்டம் வீங்கியிருக்கு. கையில சீட்டு. பீர் முகமது, லெப்பைக்குடிக்காடு. நல்லெண்ணெய் வாசனை... அதுக்கு மேல கற்பூர வாசனை.

"ஞாயித்துக்கெழம சவுதியிலேருந்து வந்தேன் சார். பிளேன்ல உக்காந்தே வந்தது, கால் வீங்கிடுச்சு. பொஞ்சாதி மூணு ராத்திரியா தூங்காம எண்ணெய காய்ச்சி உருவி வுட்டா."

டாக்டர் அவர கட்டில்ல படுக்க வெச்சாரு. ஸ்கேன் கருவிய தொடையில வெச்சு அமுக்கினாரு. நல்ல ரத்தக்குழாய்ன்னா அமுக்குனதும் மூடிக்கும். இது மூடல. உள்ள ரத்தம் கட்டிக் கெடக்கு.

"இத உருவவே கூடாதுங்க! கட்டி நவுந்து நெஞ்சுக்குப் போனா உசுருக்கே ஆபத்து."

அந்தாளு சத்தமில்லாம அழுதாரு.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்."

டாக்டர் மெஷின்ல சத்தத்த போட்டாரு. ரத்தம் ஓடுனா உஷ்... உஷ்...னு கேக்கணும். கேக்கல. நல்ல கால்ல வெச்சாரு... அதுலயும் கேக்கல. மெஷின் கோளாறோன்னு தன் மணிக்கட்டுல வெச்சுப் பாத்தாரு.

உஷ்... உஷ்... உஷ்...

திரும்புனா கட்டில் காலி. விரிப்புல எண்ணெய்.

நாலு மாசம் பத்து நாள் கழிச்சு, வூட்ட விட்டு வெளிய வராம இருக்கற இத்தா முடிஞ்ச மறுநாளே ஒரு பொம்பள வந்துச்சு. ஜைனம்பு, அந்த பீர் முகமதோட பொஞ்சாதி. கையில அதே சீட்டு.

"வியாழக்கெழம ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாங்க சார். புதன் விடியக்காலையே எங்க வூட்டுக்காரங்க மூச்சு நின்னு மவுத்தாயிட்டாங்க. நான் உருவி வுட்டதாலதான்னு வூட்ல எல்லாரும் பேசுறாங்க... நெசத்த சொல்லுங்க சார்."

டாக்டர் பொய் பேசுற ஆளே இல்ல. ஆனாலும், "இல்லம்மா... அதனால இல்ல"ன்னுட்டாரு. பாவம், வேற என்னதான் சொல்லுவாரு?

அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதுச்சு. அப்புறம் முக்காட்டால கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு.

"தெனமும் ராத்திரி வந்து கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். பயந்துக்கிட்டு நான்தான் தொடல... இன்னைக்கு உருவி வுடுறேன்."