பட்டின் சிவப்பையும் செம்பின் சிவப்பையும் பிரித்தறிந்த பெருமாட்டிக்கு

மாற்றறியும் மாண்பினீர்! மின்னும் இழையிலும் மெய்ம்மை தேடிய மேன்மையீர்! நம் நெசவாளர் சங்கத்தின் சரிகைப் பரிசோதகராய் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் தர்மாம்பாள் அம்மையீர்! வணக்கம்.

ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கம்பியாக இழுக்கலாம் என்றீர்கள். நம் பரிசோதனைக் கூடத்து வாசலில் தொடங்கிய கம்பி ஆரணிக் கோட்டை மைதானத்தைக் கடந்து செல்வதை மனக்கண்ணால் கண்டு மலைத்தோம். வெள்ளி தட்டத் தட்ட மூச்சுக்காற்றில் பறக்கும் தாளாகும். ஈயமோ தகடாக இணங்கும், மெல்லிய கம்பியாக இழுத்தால் அறுந்துபோகும். வெல்லப்பாகு சூட்டில் கம்பியாய் நீளும், ஆறினால் நொறுங்கும். சாக்குக்கட்டி எதற்கும் இசையாது ஒடியும். இவற்றைக் கேட்டிருந்த வேளைகளில் எங்கள் தேநீர் ஆறியதே மிகுதி.

அவ்வியப்பே எங்களைப் பிழைக்குள்ளும் இட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சரிகைப் பெட்டி வந்தது. இழுத்தோம், அறவில்லை, மடித்தோம், ஒடியவில்லை, சுரண்டினோம், சிவப்புத் தெரிந்தது. வெள்ளித் தகட்டிழையைச் சிவப்புப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே சரிகை. ஆகவே அது உள்ளிருக்கும் பட்டின் சிவப்பே என்று ஒருமனதாய் முடிவு செய்தோம். ஒருமனம் சோதனையாகாது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

கலசப்பாக்கத்துக் கல்யாண வீட்டாருக்கு முகூர்த்தப் புடவை நெய்யத் தறியில் பாவு நூல் ஏற்றிக் காத்திருந்த நெசவாளர் தனகோடி, தங்கள் மேசைமுன் வந்து நின்றார். நாள் தவறினால் புடவை வேண்டாம் என்று அவ்வீட்டார் சொல்லியிருந்தனர்.

"இன்னா மேடம், தறி சும்மா கெடக்குது. இழுத்தா அறுந்துபோவல, மடிச்சா ஒடியல. இன்னும் இன்னாத்த பாத்துகினு இருக்கீங்க? ஜல்தியா முத்திரை போடுங்க!"

"செம்பும்தான் அறுந்துபோவாது, தனகோடி. பொடவைல போறது உங்க பேரு. அதத்தான் பாத்துகினு இருக்கேன்."

பட்டு நூலை உருவி அப்பால் வைத்தீர்கள். எஞ்சிய தகட்டிழையைச் சுரண்டினீர்கள். சிவப்பு அதிலேயே இருந்தது, வெள்ளியன்று, செம்பு! தனகோடி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பெட்டியைத் திருப்பி அனுப்பி, மறுநாளே வேறு சரிகை வருவித்து, இழைக்கு இழை சோதித்து அவர் கையில் தந்தீர்கள். புடவை நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. நீள்வது ஓர் இயல்பு, அது தூய்மைக்குச் சான்றாகாது என்னும் தெளிவை அன்று பெற்றோம்.

அத்தெளிவின் பயனாய் ஒரு செய்தி. தங்களுக்கு அணிவிக்கக் கடையில் வாங்கிய பொன்னாடையைச் சென்ற மாதமே முறைப்படி சோதித்தோம். நன்றாக இழுபட்டது, பிளாஸ்டிக் இழை. திருப்பிவிட்டோம். மாற்றாக, அன்று தாங்கள் சோதித்துத் தந்த நல்ல சரிகையில் எஞ்சியதைப் பத்திரமாய் வைத்திருந்து, தனகோடி தம் தறியில் நெய்த பட்டு அங்கவஸ்திரத்தை அவர் கையாலேயே அணிவிக்கிறோம்.

நலமும் நெடிய ஆயுளும் தங்களுக்கு வாய்ப்பதாக! ஆடையின் ஓரத்தில் ஓரிழை பிரித்தே விடப்பட்டுள்ளது. தாங்கள் சுரண்டிப் பார்க்காமல் வீடு செல்லமாட்டீர்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
சரிகைப் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்,
ஆரணி.