நீலத் தடத்தில் முன்னால் சென்றது குறித்து

பெயர் வினிஃப்ரெட் ஹாஸ்கெல். வயது 46. தகப்பனார் பெயர் ஆம்ப்ரோஸ் ஹாஸ்கெல், காலஞ்சென்றவர். பிறந்த ஊர் இங்கிலாந்தில் ட்ரூரோ. தற்போதைய முகவரி பிரான்ஸ், சவ்வா மாவட்டம், சேன் வெர்னாஸ், தேவாலயப் பின்தெரு, ரொட்டிக்கடை மாடி. தொழில்: பனிச்சறுக்கு விடுமுறை நிறுவனம் ஒன்றில் விருந்தினர் துணை.

நான் மேற்படி ஊரில் பத்தொன்பது குளிர்காலங்களாக வசித்து வருகிறேன். இந்த நாட்டு மொழி தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கூறினேன். நிறுவனம் அனுப்பிய வழக்கறிஞரைக் கூடத்தில் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன். அரசுச் சான்றிதழ் இல்லாமல் பனிச்சரிவில் ஒரு குழுவை ஊதியத்துக்கு வழிநடத்தினேன் என்பது என்மேல் உள்ள குற்றச்சாட்டு என்றும், அதே நாளில் டெஸ்மண்ட் ஃப்ளிட் என்பவர் இறந்தது தனி விபத்தாகப் பதிவாகியிருக்கிறது என்றும், இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் விசாரணை அதிகாரி எனக்கு விளக்கினார். குழப்பாமல் சொல்ல முயல்கிறேன்.

சான்றிதழ் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, ஆனால் இங்கே செல்லாது என்று பதில் சொன்னேன். விடுமுறைக் குழுக்களை அழைத்துச் செல்வதற்கான பயிற்சியை என் நாட்டில் முடித்திருக்கிறேன். முதலுதவியிலும், பனியில் புதைந்தவரைத் தேடுவதிலும், பனிமூட்டத்தில் வழி கண்டுபிடிப்பதிலும் தேறியிருக்கிறேன். இந்த நாட்டுச் சான்றிதழுக்கு இவற்றோடு, கொடிகளுக்கிடையே வளைந்து இறங்கும் வேகத் தேர்விலும் தேற வேண்டும். முப்பத்தொன்பதாம் வயதில் அதில் கலந்துகொண்டு ஒரு தும்மல் நேர வித்தியாசத்தில் தவறினேன். அன்று தேறியவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். என்னோடு வரும் விருந்தினர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதும், அவர்களில் ஒருவர்கூட இதுவரை என்னை வேகமாகப் போகச் சொன்னதில்லை என்பதும் தேர்வுக்குத் தொடர்பில்லாத விஷயங்கள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறொரு நிறுவனத்தின் மீது வழக்கு வந்த பிறகு, எங்கள் மேலாளர் டங்கன் ஆஃபோர்ட் எல்லாத் துணைகளையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டிப் புதிய நடைமுறையைக் கற்றுக்கொடுத்தார். "முன்னால போறவர்தான் வழிநடத்துறவர். அதனால நீங்க யாரும் முன்னால போகாதீங்க, கடைசியில போங்க. விருந்தாளிங்கள்ல யாராவது ஒருத்தர் முன்னால போகட்டும். நீங்க கூட வந்து சறுக்குற ஒரு சிநேகிதி, அவ்வளவுதான்" என்றார். அதன் பிறகு பேச வேண்டிய முறையைச் சொன்னார். "போங்க, நில்லுங்க, திரும்புங்க, இதெல்லாம் கட்டளை. 'அந்தப் பக்கம் போனா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது', இது அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு எந்த நாட்டுலயும் சான்றிதழ் கேக்கறதில்ல."

இதை இருவர் இருவராக நின்று பழகினோம். லீட்ஸிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி பழக்கதோஷத்தில் "கதவைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். காவல் துறையினர் விசாரித்தால் நட்பை நிரூபிக்க வேண்டும் என்பதற்காக, சனிக்கிழமை வந்து இறங்கும் விருந்தினர்களின் பேரக்குழந்தைகள் பெயரை ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குள் மனப்பாடம் செய்வோம். அடுத்த சனிக்கிழமை அந்த நட்பு முறிந்து புது நட்பு வந்து இறங்கும்.

சம்பவம் நடந்த புதன்கிழமை காலை, லீட்ஸ் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு கண்டதால் அவளுடைய ஆட்களையும் என்னோடு சேர்த்துவிட்டார்கள். மொத்தம் பதினொரு பேர். ஒரு துணைக்கு எட்டுப் பேர்தான் என்று நிறுவனத்தின் விதியே இருக்கிறது என்பதால் டங்கனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அது குழுவுக்கு வின்னி. சிநேகிதங்களுக்கு ஏது உச்சவரம்பு?" என்றார்.

அதன் பிறகு யார் முன்னால் போவது என்ற பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவர் மேற்படி டெஸ்மண்ட் ஃப்ளிட், வயது 67. இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தின் சாலைத் துறையில் வட்டச்சந்திகளை வடிவமைத்து ஓய்வுபெற்றவர். பனிச்சறுக்கு சுமாராக வரும், தயக்கம் கிடையாது. நாற்காலி லிஃப்டில் அவரும் அவர் மனைவி மொய்ராவும் என்னோடு உட்கார்ந்து வந்தார்கள். இந்த ஊர்ச் சந்திகளில் யாருக்கு முன்னுரிமை என்றே தெரியவில்லை என்று அவர் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். "நீங்க ஒரு வாரம்தான் கேக்கறீங்க, நான் நாப்பது வருஷமா கேக்கறேன். குளியலறைக்குப் போறப்பகூடக் கையைக் காட்டிட்டுத்தான் திரும்புவார்" என்றார் மொய்ரா. டெஸ்மண்ட் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அன்று முற்பகல் முழுவதும் அவர் முன்னாலும் மற்றவர்கள் நடுவிலும் நான் கடைசியிலுமாக இறங்கினோம். எங்கே போவது என்று ஒவ்வொரு லிஃப்டின் உச்சியிலும் நான் அபிப்பிராயம் சொன்னேன், அவர் அதைத் தன் முடிவாக அறிவித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு, முன்னால் போகிறவர் எங்கே போகிறார் என்பது பின்னால் வருகிற எனக்குத் தெரியும் என்ற தைரியம் இருந்தது.

மதிய உணவுக்காக இறங்கத் தொடங்கியபோது மூட்டம் சூழ்ந்தது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், அதற்கு முன்னால் போகிறவர் தெரியமாட்டார், அவ்வளவு மூட்டம். அந்த இடத்தில் நீலத் தடம், அதாவது எளிய சறுக்குப் பாதை, இடப்பக்கம் வளையும். வலப்பக்கம் பாறைப் பள்ளம். அங்கே கட்டியிருந்த கயிறு முந்தைய இரவின் பனியில் தாழ்ந்து புதைந்துகிடந்தது. தடத்தின் வலது ஓரக் கம்பங்களுக்கு மட்டும் தலையில் ஆரஞ்சு நிறம் இருக்கும். இறங்குபவர் அதைத் தம் வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கணம் மூட்டம் விலகியபோது, டெஸ்மண்ட் அதை இடக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். எங்கள் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும்; நடைபாதை ஓரம் எப்போதும் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம் இருக்கும். வெளிச்சமிருக்கும்வரை அவருக்கு மலை மலையாகத் தெரிந்தது. மூட்டம் வந்ததும் அது ஒரு சாலையாகிவிட்டது.

நான் அப்போது, "டெஸ்மண்ட், கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்தா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது" என்று கூறினேன். அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன், வாக்கியத்தை மாற்றவில்லை.

"அபிப்பிராயத்துக்கு நன்றி வின்னி! ஓரம் எப்பவும் இடக்கைப் பக்கம்தான்!" என்று பதில் வந்தது. மூட்டம் மறுபடி சூழ்ந்தது, அவர் முதுகும் தெரியவில்லை.

உடனே நான் எல்லோரையும் தாண்டிச் சென்று, அவருக்கு அடுத்து வந்தவரின் குறுக்கே சறுக்குப் பலகையைத் திருப்பி நின்று "நில்லுங்க!" என்று கத்தினேன். பத்துப் பேரும் நின்றார்கள். அந்த வாரத்தில் நான் இட்ட முதல் கட்டளை அதுதான், அதற்கு எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். டெஸ்மண்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை.

அந்தச் சமயம் ஊர்ப் பனிச்சறுக்குப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் லூசியென் பொர்தாஸ், சிவப்பு மேற்சட்டையுடன், ஆறு குழந்தைகளைப் பின்னால் அழைத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். விஷயத்தைச் சொன்னவுடன் முதல் வேலையாக மீட்புக் காவலர்களை அழைத்தவர் அவர்தான். மூட்டத்தில் ஹெலிகாப்டர் வராது, ஆட்கள் மேலிருந்து இறங்கி வர நேரமாகும் என்று தெரிந்தது. நான் அவரிடம், "லூசியென், இவங்களைக் கீழே கூட்டிட்டுப் போ. நான் டெஸ்மண்டைத் தேடிட்டு வரேன்" என்று கேட்டேன்.

"மூட்டத்துல எனக்கு உச்சவரம்பு எட்டு. ஆறு குழந்தைங்க இருக்காங்க. ரெண்டு பேரை எடுத்துக்கறேன், வின்னி. அதுக்கு மேல காப்பீடு இல்ல."

"பத்துப் பேரு நிக்கறாங்க, லூசியென்."

"நீ எட்டோட வந்திருந்தா இப்ப ஏழு பேருதான் நிப்பாங்க. பதினொண்ணை யாரு கூட்டிட்டு வரச் சொன்னாங்க?"

அவர் சொன்னது சரி. ஏழு பேரையும் அவரால் எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த இருவர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. என் விருந்தினர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "நீங்க போங்க", "ஐயோ, உங்களுக்கு மூட்டு வலியாச்சே, நீங்க போங்க", "எனக்கு அவசரமே இல்லீங்க" என்று பனியில் நின்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லூசியென் குழந்தைகளை அழைப்பதுபோல இரண்டு பேரை விரலால் சுட்டி, "நீ, நீ, வா" என்று கூட்டிச் சென்றார். அவருக்குச் சான்றிதழ் இருக்கிறது.

என்னிடம் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களை அங்கே நிறுத்திவிட்டு டெஸ்மண்டைத் தேடிப் போனால் மூட்டத்தில் யாராவது நகர்ந்து அதே பள்ளத்தில் விழுவார்கள். அதனால் தேடிப் போகவில்லை. மொய்ரா வர மறுத்தார். "அவரை விட்டுட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்றார். நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "மொய்ரா, வாயை மூடுங்க. என் முதுகைப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க" என்று அதட்டினேன். பிறகு ஆரஞ்சுத் தலைகளை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பத்திலும் நின்று ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து, எட்டுப் பேரையும் லிஃப்டின் கீழ்நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்தேன். யாருக்கும் காயம் இல்லை.

கீழே லூசியென் நின்று, நான் முன்னாலும் எட்டுப் பேர் பின்னாலுமாக வருவதைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வழக்கில் உள்ள சாட்சியம் அதுதான். அவர் என்னிடம் வந்து, "கோவிச்சுக்காத வின்னி. இதைக் கொடுக்காம இருக்க முடியாது. உன்னை விட்டா, நாளைக்கு ஒண்ணும் தெரியாத எவனோ ஒருத்தன் இதே மாதிரி கூட்டிட்டு வருவான்" என்றார். படம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு. இடைவெளியெல்லாம் சரியா விட்டிருக்க" என்று பதில் சொன்னார்.

மாலையில் மீட்புக் காவலர்கள் டெஸ்மண்டைப் பாறைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். விழுந்தவுடன் இறக்கவில்லை என்று மருத்துவர் கூறினார். ஒரு பலகையையும் ஒரு சறுக்குக் கோலையும் தமக்கு மேலே சரிவில் குறுக்காக நட்டு வைத்திருந்தார், பின்னால் வருபவர்கள் ஒதுங்கிப் போவதற்காக. பின்னால் யாரும் வரவில்லை.

இன்று காலை இந்த நிலையத்தின் கூடத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் எனக்கு ஆலோசனை கூறினார். டெஸ்மண்ட் வழி தவறிய கம்பத்துக்கு மேலே நான் பின்னால்தான் வந்தேன், ஆகவே வழிநடத்தவில்லை. கம்பத்துக்குக் கீழே முன்னால் வந்தது ஆபத்தில் இருந்த சிநேகிதர்களுக்குச் செய்த உதவி. இப்படிச் சொன்னால் வழக்கு நிற்காது, அடுத்த குளிர்காலத்திலும் மலையில் வேலை செய்யலாம் என்றார். சரி என்றுதான் தலையாட்டினேன்.

அப்போது எதிர்ப் பெஞ்சில் இருந்த மொய்ரா எழுந்து வந்தார். "நீங்க என் சிநேகிதியான்னு என்னையும் கேப்பாங்களாம். ஆமான்னு சொல்லச் சொல்லி டங்கன் ஆள் அனுப்பியிருக்கார். சொல்லட்டுமா?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனது யாரு? நீங்க இல்லைன்னா அவருதான். அவருதான்னா, பத்துப் பேரைச் சாகக் கூட்டிட்டுப் போனவர்னு அவர் பேர்ல எழுதுவாங்க. அப்படியே எழுதட்டுமா?" என்றார். பிறகு, "என்னை அதட்டுனீங்களே, அந்த மாதிரி அவரையும் ஒரு தடவை அதட்டியிருக்கலாமே" என்றார்.

அதனால் கேள்விக்கு என் பதில் இது. புதன்கிழமை பதினொரு பேரை வழிநடத்தியது நான். கம்பத்திலிருந்து கீழ்நிலையம்வரை அல்ல. காலையில் முதல் லிஃப்டில் ஏறியதிலிருந்து. எங்கே போவது என்று முடிவு செய்தது நான். முன்னால் போக டெஸ்மண்டை அனுமதித்தது நான். அவர்கள் என்னை நம்பி வந்தார்கள், அதற்கு எனக்குச் சம்பளம் உண்டு. அவர்களில் யாரும் என் சிநேகிதர் அல்ல.

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மேடம், காலையில நடந்ததுக்குச் சாட்சியே இல்ல. யாரும் கேக்காததை நீங்களா ஏன் தலையில போட்டுக்கறீங்க? கீழே இறங்கினது மட்டும்தான் வழக்கு" என்றார். கீழே இறக்கியதில் எட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இன்னொருவர் செத்தது காலையிலிருந்து நான் நடத்திய விதத்தினால், தண்டனை எதற்கு என்று எழுதும்போது காலையில் நடத்தியதற்கென்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பின்னால் சென்றதற்குப் பிரிவு இல்லை என்றார்.

இந்த வாக்குமூலத்தை நானே கேட்டு எழுதச் சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. ஆசை காட்டியவர் கூடத்தில் காத்திருக்கிறார். இதில் உள்ளவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) வினிஃப்ரெட் ஹாஸ்கெல்

பதிவு அதிகாரியின் குறிப்பு: குற்றம் சாட்டப்பட்டவர், எட்டுப் பேருக்கு முன்னால் சென்று அவர்களைக் கீழே அழைத்துவந்ததை ஒப்புக்கொண்டார். முற்பகல் நிகழ்வுகள் பற்றிய பகுதி வழக்குக்குத் தொடர்பில்லாதது.