ரிமோட்டுக்குப் புது நம்பர்

இல்ல தம்பி, ரிமோட்டுல ஒரு கோளாறும் இல்ல. டிவி பெட்டியும் நல்லாத்தான் ஓடுது. ரிப்பேருன்னு சொன்னாதான் ஆள் அனுப்புவாங்கன்னு போன்ல அப்டிச் சொன்னேன். கோவிச்சுக்காத. உக்காரு, ஃபேனப் போடறேன்.

கட்டில்ல படுத்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். பக்கவாதம். எட்டு மாசம் ஆச்சு. பேச்சு போச்சு, காலு ரெண்டும் போச்சு. மிச்சம் இருக்கறது அந்த வலது கைக் கட்டைவிரல்தான். ரிமோட்ட யார்கிட்டயும் குடுக்காத மனுசன், அதனால அதுக்கு மட்டும் நல்ல பழக்கம் போல. சும்மா சத்தமாவே பேசு, அவருக்குக் காது கேக்கும். புத்தியும் தெளிவாத்தான் இருக்கு. கேக்கட்டுமே, இதுல என்ன ரகசியம்?

விஷயம் இவ்ளோதான். அவர் கையில ஒரு ரிமோட்டு, என் கையில ஒண்ணு. எத அமுக்கினாலும் பெட்டி கேக்குது. நான் ஒரு படம் போட்டா அவரு மாத்திடறாரு. ரெண்டும் ஒரே நம்பர்ல இருக்காமே, பக்கத்து வீட்டுப் பொண்ணு சொன்னா. அவரோடத மட்டும் வேற நம்பருக்கு மாத்தி விட்டுடு. பெட்டி பழைய நம்பர்லயே இருக்கட்டும்.

ஆமா, அப்ப அவரு அமுக்கினா ஒண்ணும் நடக்காது. அதான் வேணும். ஆனா ரிமோட்டுல லைட்டு மட்டும் எரியணும். எரியுமா? எரியும்ல? அது போதும்.

மொதல்ல என் ரிமோட்டுல செஞ்சு காட்டேன். கத்துக்கிட்டா உன்ன மறுபடி அலைய விட மாட்டேன்ல. இரு இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். ஓகே பட்டனும் வீடு படம் போட்ட பட்டனும் சேத்து... மூணு செகண்டு. ரெண்டு தடவ மினுக்குது. அப்புறம் நம்பர். அட, இவ்ளோதானா! சரி, என்னோடத பழையபடி மாத்திடு.

அவரோடதுக்கு நாப்பத்தேழு வை. ராசியெல்லாம் இல்லப்பா. மனசுல நிக்கிற நம்பர்.

எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா தம்பி. வெளியூர்ல வேல கெடச்சிருக்கு, போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. இவரு ரூமுல போட்டுப் பூட்டிட்டாரு. நான் லாண்டிரில வேலைக்குப் போயிருந்தேன். அவளுக்குச் சின்ன வயசுலருந்தே மூச்சிழுப்பு. இழுக்கற மருந்து கைப்பையில, கைப்பை இந்தா, நீ உக்காந்திருக்கியே, அந்த சோபாவுல.

சாயங்காலம் வர்றேன், கீழ் மாடியிலயே எங்க வீட்டு டிவி சத்தம் கேக்குது. உள்ள வந்து மொதல்ல சத்தத்தக் கொறைக்கத்தான் ரிமோட்ட எடுத்தேன். திரையில நாப்பத்தேழுன்னு காட்டுச்சு. எப்பவும் பதினஞ்சுல வைக்கிற மனுசன். கொறைச்சேன். வீடே கப்சிப்னு ஆயிடுச்சு. அப்பதான் ரூமுக் கதவப் பாத்தேன்.

படத்துல மூழ்கிட்டேன், ஒண்ணும் கேக்கலன்னாரு. எல்லாரும் நம்பினாங்க. நானும் நம்பினேன்னு வச்சுக்கோ. நம்பலன்னா யாரோட குடும்பம் நடத்தறது? ஆனா ஒரு நாள் எண்ணிப் பாத்தேன் தம்பி. பதினஞ்சு நாப்பத்தேழு ஆகணும்னா முப்பத்திரெண்டு தடவ அமுக்கணும். அவ கதவத் தட்டத் தட்ட, ஒண்ணொண்ணா, முப்பத்திரெண்டு தடவ.

அழல, அழல. வேலையப் பாரு நீ.

என்னது? ஓ, அவரு ரிமோட்டுல இருக்கற அந்தச் செவப்பு பட்டனா. அத அமுக்கினா சமையக்கட்டுல பெல்லு அடிக்கும். நாத்தனார் ஆள் அனுப்பி வச்சுக் குடுத்தாங்க. தொண்டையில சளி அடைச்சா அவரால திரும்ப முடியாது. உடனே பொரட்டிப் போட்டு உறிஞ்சி எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் அது. அடைச்சா அமுக்குவாரு, நான் ஓடி வருவேன். எட்டு மாசமா ஓடி வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தெரியும்பா. அந்த பெல்லும் பழைய நம்பர்தான். ஆமா, அதுவும் அடிக்காது.

ஏன் எழுந்துட்ட? டீ போடலாம்னு இருந்தேன். சரி, உனக்கும் புள்ளைகுட்டி இருக்கும், உனக்கெதுக்கு இந்த வம்பு. நீ செய்ய வேணாம்.

கேக்குதா? பெல்லு அடிக்குது பாரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே கிடக்காரு. ஒண்ணும் அடைக்கல, மூச்சு நல்லாத்தான் வருது. நீ போறதுக்குள்ள உன்னக் கூப்பிடறாரு. எப்டி அமுக்கறாரு பாரு, விரலு வெளுத்துப் போச்சு.

விடுங்க. விடுங்கன்னா. இங்க குடுங்க அத.

தம்பி, வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிடு. இந்த ரெண்டு பட்டனையும் சேத்துத்தானே? சொல்லலன்னா போ, எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆங், மினுக்கிடுச்சு.

நாலு. ஏழு.