நாற்பதாவது இலை

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர், ஆனால் குடிக்கலாம். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள். எடிலேனியும் இப்படித்தான் போடுவாள்.

நான் இருபத்திரண்டு வருடமாக த்ராயிரா மீனின் குரோமோசோம்களை எண்ணுகிறவன். முதல் நாள் சர்க்கரைத் தண்ணீரில் ரொட்டி ஈஸ்ட்டைக் கரைத்து மீனுக்கு ஊசி போடுவோம். உள்ளே செல்கள் மும்முரமாகப் பிரியும். மறுநாள் சிறுநீரகத்தை எடுத்துக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவோம். எங்கள் மேட்டு ஓடை மீனுக்கு நாற்பது. சாவோ பாவ்லோ மாநாடுகளில் அந்த எண்ணை என் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

சில தகடுகளில் முப்பத்தொன்பது வரும். சொட்டவிடும்போது செல் உடைந்து ஒன்று தொலைந்துபோகும். இந்த வேலையில் அது சகஜம். அவற்றின்மேல் ‘உடைந்தது’ என்று எழுதி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டுவிடுவேன். முப்பத்தொன்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்ததில்லை. கவனமான ஆள் என்று எனக்குப் பெயர்.

எடிலேனி என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். சொன்ன பேச்சு கேட்பாள் என்றுதான் சேர்த்துக்கொண்டேன். போன மாதம் அந்தப் பெட்டியைக் கிளறி, மீன்களின் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். எல்லோர் முன்னாலும், சீஸ் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்.

“புரொஃபசர், உங்க பெட்டியில ஒண்ணுகூட உடையல. எல்லாம் ஆண் மீன். அதுல ரெண்டு குரோமோசோம் ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிருக்கு. பொண்ணுக்கு நாப்பது, ஆணுக்கு முப்பத்தொம்போது. ஓடையில இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரையும் செருப்புப் பெட்டியில போட்டு மூடிட்டீங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் பக்கத்தில் வந்து, “கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாச மாநாட்டுக் கட்டுரையில உங்க பேரைத்தான் முதல்ல போடறேன்” என்றாள். கேலியைப் பொறுத்துக்கொண்டேன், அந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. அவளை வெறுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

கட்டுரைக்கு இன்னும் ஆறு ஆண் மீன் வேண்டும் என்றாள். அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் உள்ள மடுவில் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போனோம். மழைக்காலத்தில் அங்கே ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே பாறையில் உட்கார வேண்டும், வாயில் விசிலோடு. மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதற்கு முன்னால் காய்ந்த இலைகள் மிதந்து வரும். இலையைப் பார்த்ததும் ஊத வேண்டும். ஓடைக்கரைக் குழந்தைகளுக்கும் இது தெரியும்.

இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்றவள் கையை ஆட்டினாள்.

“தூங்கிடாதீங்க புரொஃபசர். உங்களை நம்பித்தான் எறங்கியிருக்கேன்.”

நான் தூங்கவில்லை. மூன்று மணி இருக்கும், முதல் இலை வந்தது. ஒற்றை இலை எந்த மரத்திலிருந்தும் விழலாம். பத்து வந்தன; காற்றாக இருக்கலாம். தண்ணீர் இந்தக் காப்பியின் நிறத்துக்கு மாறியது. இருபது, முப்பது. கீழே அவள் ஒரு மீனைப் பிடித்து, என்னிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அருவிச் சத்தத்தில் அவளுக்கு விசிலைத் தவிர வேறு எதுவும் கேட்காது. விசில் என் பற்களுக்கிடையில் இருந்தது.

வியாழக்கிழமை நீங்கள் அவள் உடலைக் கண்டெடுத்தபோது, இலையே வரவில்லை என்று சொன்னேன். அது பொய். வந்ததைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக எண்ணினேன், ஊதவில்லை. ஆனால் அவளை நான் தள்ளவில்லை, இன்ஸ்பெக்டர், ஒரு விரல்கூடப் படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கு முன்னால் வந்தவை முப்பத்தொன்பது இலைகள்தான். இன்னும் ஒன்று வந்திருந்தால் கட்டாயம் ஊதியிருப்பேன்.