பதில் வராவிட்டால் பூஜ்யம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆண்டறிக்கை வாசித்த களைப்பு இன்னும் ஆறாத செயலாளர் அவர்களே, பணி ஓய்வுக்குப் பின் நிரல் கற்க வந்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடோடி வந்த தாய்மார்களே, மடிக்கணினியை மூடாமலே கைதட்டும் தம்பி தங்கையரே, வணக்கம்!

மேடையேறும்போது ஒரு தங்கை என் கையில் சீட்டொன்றைத் திணித்தார். "படிக்க ஆரம்பிச்சு ஆறு மாசம். ஒரு இணையச் சேவைக்கு லைப்ரரி எழுத ஆசை. எழுதலாமா அக்கா?" அதைப் படித்ததும் தயாரித்து வந்த உரையை மடித்து வைத்துவிட்டேன். முன்வரிசையில் இவ்வளவு மகிழ்ச்சி வேண்டாம் ஐயா, பேசாமல் இறங்கமாட்டேன்!

நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். எங்கள் ஊர்க் கடைகள் சேர்ந்து ஓர் இணையச் சேவை வைத்திருக்கின்றன. எந்தக் கடையில் எந்த மருந்து எத்தனை என்று ஏபிஐ என்னும் வாசல் வழியாக நம் நிரல் கேட்டால் சொல்லும். ஆனால் கேட்கும் முறையோ பெரிய தலைவலி. செயலி செய்ய வந்த ஒவ்வொருவரும் அதே வேலையைத் தனித்தனியாகச் செய்து தனித்தனியாகத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்தால் ஊரே எடுத்துக்கொள்ளலாமே! அதுதானே லைப்ரரி?

எழுதலாமா? எழுதினால் ஏற்பார்களா? ஏற்றபின் ஏதேனும் உடைந்தால் யார் பொறுப்பு? என் வீட்டுக்காரர் கேட்டார்: "எட்டு மாசமாத்தான் நிரல் படிக்கிற. உனக்கெதுக்கு இந்த வம்பு?" வம்பென்றால் விடுவேனா? எழுதினேன், வெளியிட்டேன். ஒரு செயலிக்காரர் எடுத்துப் பயன்படுத்தவும் தொடங்கினார். பெருமை எனக்குப் பிடிபடவில்லை!

அதில் ஒரே ஒரு வரி. சேவை பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது? பிழை என்று சிவப்பாகக் காட்டினால் என்னைக் கத்துக்குட்டி என்று சிரிப்பார்களே! வெட்கப்பட்டேன். பதில் வராவிட்டால் பூஜ்யம், அதாவது மருந்து இருப்பில் இல்லை, என்று எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, வலிப்பு மாத்திரைக்கு வழக்கமாக வரும் ஒருவர் கடைக்கு வந்தார். நான்கு தெரு தள்ளித்தான் வீடு. மாத்திரை அவருடைய மகளுக்கு. முகம் வாடியிருந்தது.

"நேத்து ஏன் வரல?"

"செயலியில பாத்தேம்மா. எல்லாக் கடையிலயும் இல்லன்னு போட்டிருந்துச்சு. வெளியூர்ல வாங்கலாம்னு பாப்பாவயும் கூட்டிட்டுப் போனேன். வேளை தவறிப்போச்சு. பஸ்லயே வலிப்பு வந்துருச்சு. இப்ப பரவாயில்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், என் கைக்கெட்டும் உயரத்தில், அதே மாத்திரை பதினான்கு அட்டை! முந்தைய நாள் காலையில் சேவை அரைமணி நேரம் படுத்துவிட்டது. இல்லை என்று சொன்னது சேவையா? கடையா? என் வரி சொன்னது ஐயா, என் வெட்கம் சொன்னது!

"அந்தச் செயலிக்கு இருப்பு கேட்டுச் சொல்ற நிரல எழுதினது நான்தாங்க. இன்னைக்கே அத மொத்தமா எடுத்துடறேன்" என்றேன். அழுதுவிட்டேன்.

அவரும் அந்த அட்டைகளைப் பார்த்தார். கோபம் இருந்தது, இருக்கத்தானே செய்யும்? பிறகு சொன்னார்: "எடுத்துட்டா எல்லாரும் திரும்பக் கடை கடையா அலையணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வைங்கம்மா. நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன்ல?"

அன்றே அந்த வரியை அழித்தேன். பூஜ்யம் போய்ச் சிவப்பு வந்தது. செயலிக்காரருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதினேன்.

சீட்டுக் கொடுத்த தங்கையே, எழுது! ஆறு மாதம் போதுமா என்று அஞ்சாதே. ஆனால் முதல் வரியாக, உன் லைப்ரரி தெரியாது என்று சொல்லும் வரியை எழுது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரிப்பு யாரையும் பஸ்ஸில் ஏற்றி அலையவிடாது.

என்ன ஐயா, பின்வரிசையில்? இப்போது எத்தனை பேர் என் லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள் என்றா? தெரியாது. பூஜ்யம் என்று சொல்லமாட்டேன், தெரியாது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியை அணைக்காத அன்பருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.