மூன்றாவது வரிக்கான படம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பரவாயில்லை, மாற்ற வேண்டாம். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் விட்டுப்போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் சாப்பாடுகூட சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டேதான். அந்த ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காற்றுச் சத்தத்தில் என் குரல் அடிபட்டுப்போனால், நான் சொன்னது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று என்று ஆகிவிடும். எனக்கு அது ஆகவே ஆகாது.

நான் பாட்டுக்குப் படம் எடுப்பவன். சினிமாப் பாட்டு இல்லை, தனியாக வெளியாகிற பாட்டு. மூன்றரை நிமிடம், மிஞ்சினால் நாலு. எடுப்பதும் நானே, எடிட் செய்வதும் நானே. பத்தொன்பது வருடமாக இதே வேலை. துள்ளல் பாட்டென்றால் தாளத்துக்கு ஒரு வெட்டு, ஆடுகிறவர்களின் கால் தரையில் விழும்போதே அடுத்த காட்சி வந்துவிட வேண்டும். ராப் என்றால் கேமரா தரையோடு தரையாகக் கிடக்கும், பாடுகிறவன் வானத்தை முட்டிக்கொண்டு நிற்பான். காதல் பாட்டுக்கு ஜன்னல், திரைச்சீலை, முகத்துக்கு நேரே ஒரு காற்றாடி. சோகம் என்றால் வெட்டவே கூடாது. முகத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும்வரை விடக் கூடாது. ரகம் பார்த்துத் துணி தைக்கிற தையல்காரரின் வேலைதான் இதுவும்.

ஆனால் ரகத்துக்கெல்லாம் மேலே எனக்கு ஒரு விதி உண்டு. பாட்டு சொல்வதைப் படம் காட்ட வேண்டும். மழை என்றால் மழை. கதவு என்றால் கதவு. கவிஞர் உயிரைக் கொடுத்து ஒரு சொல்லை எழுதியிருக்க, நான் அதைக் கண்டுகொள்ளாமல் மொட்டை மாடியில் புறாவைக் காட்டினால் அது அந்த மனிதருக்குச் செய்கிற அவமரியாதை.

உதடும் அப்படித்தான். பாட்டையும் வாயசைப்பையும் பொருத்த எடிட்டருக்கு ஒரு சுருக்குவழி உண்டு. ம, ப என்று வருகிற இடத்தில் உதடு மூடியே தீரும். அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால் மீதி வரி தானாக உட்கார்ந்துவிடும். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் ஒருவர் என்ன பாடுகிறார் என்று எனக்குத் தெரியும். கூட இருந்து இருந்து என் மனைவிக்கும் பாதி பழகிவிட்டது.

இனி பட்டாணியைப் பற்றி. என் மனைவியின் தங்கை. ஊரெல்லாம் அவளை வேறு பெயரில் தெரியும், எங்களுக்குப் பட்டாணி. பெற்றவர்கள் போன பிறகு பதினொரு வயதில் ஒரு தோள்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையே தெரியாமல் வீட்டை இரண்டாக்கினாள். குளியலறையில் பாடுவாள், கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்கும். முதல் மைக் நான் வாங்கிக் கொடுத்தது. பதினாறு வயதில் அவள் பாடிய முதல் பாட்டுக்குப் படம் எடுத்ததும் நான்தான். அதிலிருந்து பதினான்கு பாட்டு. "மாமா எங்க நிக்கறாரோ அங்க பாத்துப் பாடினா போதும், படம் சரியா வந்துடும்" என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறாள். அவளை நான் பெறவில்லை, அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் வைத்து, அடுத்த பாட்டிலிருந்து வேறு ஒருவர் படம் எடுக்கப்போகிறார் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. தண்ணின்னு பாடினா தண்ணி, தீன்னு பாடினா தீ. அ-ன்னா அம்மா, ஆ-ன்னா ஆடு மாதிரி இருக்கு. பாக்கறவங்க என்ன ஒண்ணாங்கிளாஸா?"

என் மனைவி, "வாய மூடுடி கழுதை" என்று அவள் தலையில் தட்டினாள். நானும் சிரித்தேன். ஆனால் பாட்டுகளை வெளியிடுகிற கம்பெனியில் இரண்டு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் என்னை அரிச்சுவடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியும். முதலில் சொன்னது யார் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. அன்றைக்கு அதுவும் தெரிந்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை, எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

கையில் கடைசியாக ஒரு பாட்டு மிச்சமிருந்தது. முதல் முறையாக அவளே எழுதியது. பல்லவி நாலே வரி.

ஆழம் தெரிந்தே இறங்கினேன்
கரையில் நீ இருந்தாய்
கையை உயர்த்திக் காட்டினேன்
கண்டும் நீ நின்றாய்

நல்ல வரிகள். திரும்பத் திரும்பப் படித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அவளுக்கோ ஒரு வெற்று அறை, ஒரு முக்காலி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பாட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் என் மனைவிதான் கெஞ்சி இறங்க வைத்தாள். "உன்ன ஆளாக்கினவரு. கடைசியா ஒரு தடவ அவரு இஷ்டத்துக்குச் செஞ்சு குடுத்துட்டுப் போயேன்." அக்கா பேச்சைப் பட்டாணி தட்டியதில்லை.

ஸ்டுடியோவில் பதினான்கு அடி ஆழத்துக்குத் தொட்டி, ஒரு பக்கம் கண்ணாடி, மற்ற பக்கமெல்லாம் கறுப்புத் துணி. அவளுக்கு வெள்ளை கவுன். தண்ணீரில் துணி குடை மாதிரி விரிந்துவிடாமல் இருக்க விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருந்தோம். அந்தக் கனத்தோடு தானாக மேலே வர முடியாது. அதற்காகவே ஒரு டைவர் உள்ளே ஒரு மூலையில், கேமராவில் படாமல் இருந்தார். முதுகில் காற்று உருளை. அவள் முஷ்டியை மடக்கி ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினால் அவர் பாய்ந்து வந்து காற்றுக்குழாயை வாயில் வைப்பார், பிறகு மேலே கொண்டுவருவார். காலையில் நான்கு முறை அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லை.

குறை படத்தில்தான் இருந்தது. மூன்றாவது வரியில் கையை உயர்த்தினேன் என்று வருகிறது. ஆனால் தலைக்கு மேலே தூக்கினால் டைவருக்குக் கொடுக்கிற சைகையோடு குழம்பிவிடும் என்று, அவர் சொன்னபடி அவள் நெஞ்சு உயரத்தோடு கையை நிறுத்தினாள். பாட்டில் ஒன்று, படத்தில் ஒன்று. அது போதாதென்று முகம் வேறு பொய் சொன்னது. மூழ்குகிறவள் முகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நினைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. மானிட்டர் முன்னால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், லைட்காரர்கள் என் காலில் இடறாமல் இருக்க ஒயரைத் தூக்கித் தூக்கிப் பிடித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாணியைத் தனியாகக் கூப்பிட்டேன். இந்த முறை கையை நன்றாகத் தலைக்கு மேலே தூக்கு, முஷ்டியை மடக்கு என்றேன்.

"அது டைவருக்குக் காட்டற சைகையாச்சே மாமா?"

"அவர்கிட்ட பேசிட்டேன். முதல் தடவ தூக்கறது நடிப்பு. நிஜமாவே மூச்சு வேணும்னா கையை இறக்கிட்டு மறுபடி தூக்கு, வந்துடுவாரு."

"சரி. நீங்க பாத்துக்குவீங்கல்ல."

பிறகு டைவரிடம் போனேன். மூன்றாவது வரியில் கை தூக்குவாள், ஒரு தடவையோ நாலு தடவையோ, அத்தனையும் நடிப்பு, உள்ளே புகுந்து ஷாட்டைக் கெடுத்துவிடாதீர்கள் என்றேன். நிதானமான மனிதர். உடனே கேட்டார்.

"அப்ப நிஜமா வேணும்னா என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு கையையும் சேத்துத் தூக்குவா. சொல்லி வெச்சிருக்கேன். இல்லேன்னா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கை காட்டுவேன்."

தகவல் சரியாகப் போய்ச் சேராததால் நேர்ந்த விபத்து என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தைத் திருத்த வேண்டும். இரண்டு தகவலும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவன் நான்.

ஐந்தாவது முறை இறங்கினாள். பல்லவியை ஓட்டச் சொன்னேன். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் கை தலைக்கு மேலே போனது, முஷ்டி மடங்கியது. முகம் இன்னும் பொய்தான். கையை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். அப்போது மாறியது. பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்திராத முகம் அது. சொல்லும் படமும் முதல் முறையாக ஒன்றாக நின்றன.

மூன்று நொடி போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று நொடி கிடைத்ததும் கை காட்டிவிடுவதாக இருந்தேன். ஆனால் நான்காவது வரி பாக்கி இருந்தது.

துண்டை விரித்துப் பிடித்தபடி என் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். "ஏங்க, கை தூக்கறாளே?" என்றாள். அது நடிப்பு என்றேன். "ரெண்டாந்தடவையும் தூக்கறாளே." அதுவும் நடிப்பு என்றேன். பத்தொன்பது வருடமாக என் பேச்சை நம்பியவள், துண்டை மடித்து மறுபடி விரித்தாள். டைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எழுதிய பிள்ளைக்கு மரியாதையாக நான்காவது வரிக்கும் யாராவது படம் கொடுக்க வேண்டாமா?

பல்லவி முடிந்து நாற்பத்தோரு நொடி ஆன பிறகு கை காட்டினேன். கணக்கு கேமராவில் இருக்கிறது. டைவர் தூக்கிக்கொண்டு வந்தார். என் மனைவி அந்தத் துண்டால் அவளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், டாக்டர் வந்து கையைப் பிடித்து விலக்கும்வரை.

அந்த டைவர் பாவம். வேலை போய்விட்டது. போன வாரம் வீட்டுக்கு வந்து, "ரெண்டு கைன்னு நீங்க சொன்னத நான்தான் தப்பா காதுல வாங்கிட்டேனோ, சார்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவருக்காக மட்டும் நான் இங்கே வரவில்லை. கம்பெனி அந்தப் படத்தை வெளியிட்டது. ஊரே பார்த்து அழுதது. பத்திரிகைகளில் எழுதினார்கள்: முதல் முறையாக இந்த இயக்குநரின் படம் வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறது, அந்தக் கை தற்செயலாக அமைந்த அற்புதம் என்று. அன்றிலிருந்து சுத்தமாக என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தாண்டவில்லை. ஒரு சொல்கூடத் தாண்டவில்லை. என் வேலையில் தற்செயல் என்று எதுவும் கிடையாது. வரிக்கு வரி பொருத்தி எடுத்தது, அதுவும் அவள் எழுதிய வரிக்கு. இருந்திருந்தால் பட்டாணியே ஒத்துக்கொண்டிருப்பாள்.

என் மனைவி அந்தப் படத்தைச் சத்தம் இல்லாமல் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். காலையில் எழுந்ததும் அதுதான். நான் அறைக்கு அறை நடந்துகொண்டிருப்பேன். முந்தாநாள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இந்த எடத்துல ஏதோ வெட்டியிருக்கீங்க. அவ என்னமோ சொல்ல வர்றா. என்ன சொன்னா?" பாட்டுத்தான் பாடினாள் என்றேன். அவள் என் உதட்டையே பார்த்தாள்.

வெட்டியது உண்மை. நாலு நொடி. அது இந்தப் பென் டிரைவில் இருக்கிறது, மேசை மேல் வைக்கிறேன். நீங்கள் பாருங்கள், என் மனைவிக்கு மட்டும் காட்ட வேண்டாம். இரண்டாம் முறை கை தூக்கிய பிறகு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிற இடத்தைப் பார்த்து அவள் வாயசைக்கிறாள். மூன்றாவது வரியில் உதடு மூடுகிற எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அவள் உதடு இரண்டு முறை மூடித் திறக்கிறது. சத்தம் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, அவள் என்னைக் கூப்பிடுகிற சொல் அது.

அந்தச் சொல் பாட்டில் இல்லை. அதனால் மட்டும்தான் வெட்டினேன், வேறு எந்தக் காரணமும் இல்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.